பிணம் தின்னாத நாய்

அந்த நாயைக் கெடுத்தது நான்தான். கடல் கெடுக்கவில்லை, சண்டை கெடுக்கவில்லை. எங்களூரில் எதற்கெடுத்தாலும் கடலையும் சண்டையையும் சொல்லித் தப்பிக்கிற பழக்கம் இருக்கிறது. நானும் கொஞ்சக் காலம் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். சரிவரவில்லை.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு கல்முனைக் கரையில் நாய்களை அடித்தவர்களில் நானும் ஒருத்தன். என் வாப்பாவும் தங்கச்சியின் இரண்டு பிள்ளைகளும் கடலோடு போயிருந்தார்கள். வாப்பாவை அன்றைக்கே எடுத்துவிட்டோம். பிள்ளைகளில் சின்னவளை ஐந்தாம் நாள்தான், உடைந்த வீடுகளுக்கு நடுவில், நாய்கள் நின்ற இடத்தில் எடுத்தோம். அதற்கு மேல் எழுத மாட்டேன். அன்று பின்னேரமே ஏழெட்டுப் பேர் பொல்லுகளோடு இறங்கினோம். குரைத்ததையும் அடித்தோம், வாலாட்டிக்கொண்டு வந்ததையும் அடித்தோம். செத்ததில் வாலாட்டிக்கொண்டு வந்தவைதான் கூட. ஆட்களை நம்பின நாய்கள் அவை. நம்பாதவை ஓடித் தப்பிவிட்டன.

இரண்டு மூன்று நாள் இந்த வேலை நடந்தது. கடைசி நாள் கவிழ்ந்து கிடந்த ஒரு தோணிக்கு அடியில் ஒரு பெட்டை குட்டி போட்டிருந்ததைக் கண்டோம். பெட்டையை நான் அடித்தேன். என்னோடு வந்தவன் குட்டிகளைக் குதிக்காலால் மிதித்தான். ஒன்று மிஞ்சிக் கிடந்தபோது என் மனைவி எங்கிருந்தோ வந்து நடுவில் நின்றாள்.

"இதுக்குக் கண்ணே தொறக்கல்ல. இது என்னத்தத் தின்டிச்சாம்?"

"தாய்ர பால் குடிச்சிரிக்கும்தானே ராத்தா," என்றான் மிதித்தவன், அக்கா முறை சொல்லி. "தாய் தின்டது பாலாத்தானே வந்திரிக்கும்?"

"அப்ப நீ இனி மவுத்தாகுமட்டும் மீன் தின்ன மாட்டாய்?"

"மீன் வேற."

"என்ன வேற? மீனுக்கு வாயில்லையா?"

அவன் பொல்லைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அந்த நாட்களில் ஊரில் ஒருவரும் மீன் வாங்கவில்லை. நாலைந்து மாதம் போனதும் எல்லோரும் வாங்கினார்கள், அவனும் வாங்கினான். நாய்களுக்குத்தான் மன்னிப்புக் கிடைக்கவில்லை.

குட்டியை நாங்கள் தங்கியிருந்த முகாமுக்குக் கொண்டுபோனோம். எங்கள் ஆட்கள் நாயைத் தொடுவதில்லை. ஈரத்தில் பட்டுவிட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் போட்டு. என் மனைவி கையில் சொப்பிங் பேக்கைச் சுற்றிக்கொண்டு, நிவாரணப் பால்மாவைக் கரைத்து, துணித் திரியில் நனைத்துக் கொடுத்தாள். அது பிழைக்கும் என்று நான் நினைக்கவில்லை. பிழைத்தது. பிழைத்ததும் எனக்கு ஒரு மமதை வந்தது. ஊரில் மிஞ்சின நாய்கள் எல்லாம் பிணம் தின்றவை, இது ஒன்றுதான் தின்னாதது. தின்றதும் தின்னாததும் சேரக் கூடாது. இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்து, நானே சட்டமாக்கினேன்.

குட்டி நடக்கத் தொடங்கினதும் மற்ற நாய்களைத் தேடிப் போனது. எந்தக் குட்டியும் போகும். முகாம் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் நின்றால் இது இந்தப் பக்கம் வயிற்றை மண்ணில் தேய்த்துக்கொண்டு ஊர்ந்து போகும், வால் அடிக்கிற அடியில் பின்பக்கம் முழுக்க ஆடும். நான் அந்த நாய்க்குக் கல்லெறிவேன், இதற்குப் பிரம்பால் போடுவேன். ஒவ்வொரு முறையும் போட்டேன். வால் ஆடினால் அடி, முனகினால் அடி. ஆறு மாதத்தில் அது திருந்திவிட்டதென்று நான் சந்தோசப்பட்டேன். வேறு நாயைக் கண்டால் வால் ஆடுவது நின்றது. முதுகு மயிர் எழும்பியது. அப்போது அதைத் தட்டிக் கொடுக்க முடியாததால், ஒரு துண்டு பாண் எறிந்து கொடுத்தேன்.

தேத்தண்ணிக் கடையில் இதைப் பெருமையாகச் சொல்வேன்.

"உங்கட நாய்க்கு ஹலால் சேட்டிபிக்கட் இரிக்கா காக்கா?" என்று, அண்ணனைக் காக்கா என்கிற எங்களூர்ப் பொடியன்கள் கேட்டுச் சிரிப்பார்கள்.

"உன்ட குடும்பத்த விட அது சுத்தம்," என்பேன். சிரிப்பு நிற்கும்.

பிறகு வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. நாயைப் பின்பக்கம் ஒரு தகரக் கூட்டில் கட்டி வைத்தேன். என் மனைவி பெயின்ட் டின்னில் சோறும் மீன் தலையும் பிசைந்து தள்ளி வைப்பாள். அவளுக்கும் நாய்க்கும் இடையில் எப்போதும் ஒரு முழத் தூரம். அந்தத் தூரத்தில் இருந்தபடியே அதனோடு நாள் முழுக்கக் கதைப்பாள், என்னோடு கதைப்பதை விடக் கூட. ஐந்து வருடத்துக்குக் கிட்ட அது அப்படியே கிடந்தது. ஒரு நாயோடும் ஓடவில்லை, ஒரு நாயின் பின்பக்கத்தையும் மோந்து பார்க்கவில்லை.

நாட்டில் சண்டை முடிந்த வருடம் அது கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டு ஆட்டைக் கடித்தது. ஒரே கடி. ஆடு அந்த இடத்திலேயே விழுந்தது. வீட்டுக்காரன் ஆட்டைக் காலில் பிடித்து இழுத்து வந்து என் வாசலில் போட்டான்.

"காக்கா, ஆட்டுக்கு நான் ஒண்டும் கேக்க வரல்ல. இது ஆடு. நாளைக்கு இதே இடத்துல எண்ட புள்ள வெளையாடும். மழ தொடங்குமட்டும் தவண. அதுக்குப் பொறகும் இது இஞ்ச நிண்டா இறைச்சித் துண்டுல மருந்து வெப்பன். களவா வெக்க மாட்டன், சொல்லிப்போட்டுத்தான் வெப்பன்."

சொன்னால் செய்கிறவன் அவன். என் மனைவி உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டாள். அவன் போன பிறகு வந்து, "அத எங்கயாவது உசிரோட கொண்டு போய் வைங்க," என்றாள்.

கொண்டுபோக ஒரே ஒரு இடம்தான் இருந்தது. சண்டைக் காலத்தில் கால் வைக்க முடியாமல் கிடந்த எங்கள் வட்டை அந்த வருடம்தான் திறந்தது. காட்டோரத்து வயல். வருடக் கணக்கில் பன்றிகள் ராசாங்கம் நடத்தின இடம். நற்பிட்டிமுனைத் தமிழன் ஒருத்தனும் நானும் சேர்ந்து அதை வெட்டித் துப்பரவாக்கி விதைத்தோம். காவல் அவனுடைய பொறுப்பு. காவல் குடிலான வாடியில் அவன் நாலு நாய் வைத்திருந்தான்: ஒரு கிழட்டுப் பெட்டை, அது போட்ட இரண்டு கடுவன்கள், அதே பெட்டையின் கடைசி ஈற்றில் மிஞ்சின மூன்று மாதக் குட்டி. வயல் காவலுக்கு நாய் வைப்பதில் எங்களுக்கும் தடையில்லை. என் நாய் அந்த நாலோடும் சேர்ந்துவிட்டால் பிழைத்தது. சேராவிட்டால் ஊரில் மருந்து.

நான் நாயை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் கட்டிக் கொண்டுபோனேன். அவன் தூரத்திலேயே கையைக் காட்டி நிற்பாட்டினான். என் நாய் வாலைக் கம்பு மாதிரி நிமிர்த்தி, கண் வெட்டாமல் பெட்டையையே பார்த்துக்கொண்டு நின்றது.

"இது எத்தின மாசத்துல தாய விட்டுப் பிரிஞ்சது காக்கா?"

"கண் தொறக்க முந்தி."

"கூடப் பொறந்ததுகள்?"

"செத்திட்டு."

"பொறகு வேற நாயோட வெளையாட விட்டீங்களா?"

"இல்ல. வந்தா அடிப்பன்."

"வந்த நாயையா, இதயா?"

"ரெண்டையும்தான்."

அவன் காறித் துப்பினான். "நல்ல வேல பாத்திருக்கீங்க. குட்டியள் ஒண்டையொண்டு கடிச்சி வெளையாடும், பாத்திருப்பீங்கதானே? கூடக் கடிச்சா மத்தது கத்திப்போட்டு வெளையாட்ட விட்டுட்டுப் போயிரும். அப்படித்தான் எவ்வளவு கடிக்கலாமெண்டு அதுக்கு வெளங்கும். இதுக்கு ஆரும் கத்திக் காட்டல்ல. வாய்க்கு அளவு தெரியாது. கோவத்துல கடிச்சாலும் ஒண்டுதான், வெளையாட்டுக்குக் கடிச்சாலும் ஒண்டுதான்."

"அப்ப ஏலாதா?"

"குட்டியில செஞ்சிருந்தா ரெண்டு கிழமை வேல. இப்ப செய்யிறதெண்டா நான் சொல்றத மட்டும் செய்யணும். உங்கட புத்திய ஊர்ல வெச்சிட்டு வாங்க."

அவன் முதலில் என் நாயை வாடியிலிருந்து நல்ல தூரத்தில் ஒரு மருத மரத்தில் கட்டச் சொன்னான். நாலு நாயும் கண்ணில் படும், ஆனால் எட்டாது. நாலைந்து நாள் அவ்வளவுதான். அது குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டி, கடைசியில் சலித்துப்போய்ப் படுத்தது. பிறகு நடை. ஒரு வரம்பில் அவன் பெட்டையோடு, அடுத்த வரம்பில் நான் என் நாயோடு, ஒரே திசையில், முகத்துக்கு முகம் பார்க்காமல். ஒவ்வொரு நாளும் ஒரு வரம்பு கிட்ட வந்தோம்.

"கயித்த இறுக்காதீங்க காக்கா! நீங்க இறுக்கினா அது 'இவருக்கும் பயம், அப்ப சண்டைதான்' எண்டு நினைக்கும்."

என் கை தானாக இறுக்கியது. பழகின கை. அவன் ஒவ்வொரு தடவையும் தூஷணத்தில் ஏசினான். நான் பொறுத்துக்கொண்டேன்.

சாப்பாட்டில் அவன் கடும் கண்டிப்பு. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இடம், வேறு வேறு சட்டி. தின்று முடிந்ததும் சட்டியை எடுத்துவிட வேண்டும். "வெறும் சோத்துக்கே இந்தச் சட்டம். எலும்பு, இறைச்சி ஒண்டும் இந்தப் பக்கம் வரப்படாது." குட்டியையும் என் நாயிடம் விடவில்லை. வாடிக்குள் கூடையால் மூடி வைத்துவிட்டுத்தான் என் நாயை அவிழ்க்கச் சொல்வான்.

இரண்டு கிழமை கழித்துப் பெட்டையும் என் நாயும் ஒரே வரம்பில் நடந்தன. என் நாய் தன் முகத்தைப் பெட்டையின் முகத்தில் முட்டியது. பெட்டை சட்டென்று திரும்பிப் பல்லைக் காட்டி, காற்றில் ஒரு கடி கடித்தது. தோலில் படவில்லை. நான் கயிற்றை இழுக்கப் போனேன், அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். என் நாய் பின்வாங்கியது. முகத்தைத் திருப்பி, மூக்கை நிலத்தில் போட்டு, இல்லாத ஒன்றை மோந்தது.

"பாத்தீங்களா? மன்னிப்புக் கேக்குது! கிழவி படிப்பிச்சிட்டாள்!" அவன் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வளர்த்த நாய் ஒரு சொறி பிடித்த கிழட்டுப் பெட்டைக்கு முகத்தைத் தாழ்த்தினது எனக்குப் பிடிக்கவில்லை. என் புத்தி அப்படி.

வீட்டில் என் மனைவி தினமும் கேட்பாள். "சேந்திட்டா?" நான், "பாதி சேந்திட்டு," என்பேன். அடுத்த வீட்டுக்காரன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "கூடு வெறுமையா இரிக்கி, நல்லது," என்பான்.

பிறகு ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. ஊரெல்லாம் ஆடு மாடு அறுத்துக் குர்பான். இரண்டாம் நாள் விடிய நான் எங்கள் பங்கில் கழித்த முதுகெலும்பு, சவ்வு, நுரையீரல் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி வட்டைக்குக் கொண்டுபோனேன். பெருநாள் இறைச்சியில் ஏழைக்கும் அயலவனுக்கும் பங்குண்டு. இந்த நாய்களுக்கு ஏன் இருக்கக் கூடாது என்று வழி நெடுக நினைத்துக்கொண்டு போனேன். அவன் சொன்ன சட்டம் ஞாபகத்தில் இருந்தது. மறந்தேன் என்று சொன்னால் பொய். பெருநாளன்று அந்தச் சட்டம் செல்லாது என்று எனக்கொரு எண்ணம். விருந்தில் ஒன்றாய்த் தின்றவர்கள் பிறகு சண்டை பிடிப்பதில்லை என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. ஒரே சஹன் தட்டில் கை வைத்துத் தின்றால் பகை போய்விடும். நாயும் அப்படித்தான் என்று நினைத்தேன். மூன்று கிழமை வேலையை ஒரு காலையில் முடித்துக் காட்டலாம் என்று நினைத்தேன்.

அவன் வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் கேட்கும் தூரம். நான் கூப்பிடவில்லை. மரத்தடிக்குப் போய் என் நாயை அவிழ்த்தேன், வாடிக்கு முன்னால் கொண்டுவந்தேன், சாக்கை நடுவில் கொட்டினேன்.

பெட்டை ஒரு துண்டு நுரையீரலைக் கவ்விக்கொண்டு விலகிப் போனது. கடுவன்கள் ஆளுக்கொரு எலும்போடு ஒதுங்கின. அவற்றுக்கு முறை தெரியும். என் நாய் தின்னவில்லை. குவியலுக்கு மேல் காலை விரித்துக்கொண்டு விறைத்து நின்றது. அந்த நேரம் குட்டி கூடையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. இறைச்சிக்கு வந்ததென்றுகூடச் சொல்ல முடியாது. நேரே என் நாயிடம் போனது. வயிறு நிலத்தில் படப் படுத்து ஊர்ந்து, வாலை அடித்துக்கொண்டு, அண்ணாந்து அதன் வாயை நக்கியது. குட்டி பெரிய நாய்க்குச் சலாம் சொல்கிற விதம் அது.

என் நாய் உறுமவில்லை. குனிந்து கவ்வியது, ஒரு தரம் உதறியது, போட்டது. குட்டியின் கழுத்து வேறு பக்கம் திரும்பியிருந்தது.

பிறகு மற்ற மூன்றும் அதன் மேல் விழுந்தன. நான் மண்வெட்டிப் பிடியால் எது அகப்பட்டதோ அதை அடித்தேன். அவன் சேற்றில் விழுந்தெழும்பி ஓடி வந்து, பெட்டையின் பின்னங்காலைப் பிடித்து இழுத்து, கடுவன்களை உதைத்துப் பிரித்தான். என் நாயின் ஒரு காது தொங்கியது, தொடை கிழிந்திருந்தது. பெட்டை குட்டியிடம் போய் அதை நக்கத் தொடங்கியது. மூக்கால் புரட்டிப் புரட்டி நக்கியது.

அவன் சாக்கைப் பார்த்தான்.

"ஆர் கொட்டின?"

"நான்."

"எல்லாத்துக்கும் நடுவுலயா?"

"பெருநாள்தானே எண்டு..."

"உங்கட பெருநாளுக்கு எண்ட குட்டியா அறுக்கக் கெடச்சிது?"

அவன் நிலத்தில் குந்திக்கொண்டான். குரலை உயர்த்தாமல் கதைத்தான். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"இனி இந்த மூணும் அத வெச்சிரிக்காது. நான் கண் அயர்ந்தாக் கிழிச்சிப்போடும். ஊருக்குக் கொண்டு போனா உங்கட ஆள் மருந்தோட நிப்பான். என்ன செய்யப் போறீங்க?"

"நீயே செய், மச்சான்."

"நான் செய்ய மாட்டன். வளத்த ஆள் நீங்க."

நான் கயிற்றைப் போட்டு அதை மருத மரத்துக்குக் கொண்டுபோனேன். நொண்டிக்கொண்டு பக்கத்தில் வந்தது. மற்ற நாய்கள் காட்டினது ஒன்றும் விளங்காத அந்த நாய்க்கு என் கை விளங்கும், கண் விளங்கும், நடை விளங்கும். ஐந்து வருடம் என்னைத் தவிர அதற்குப் படிக்க வேறு ஒன்றும் இருக்கவில்லை. மண்வெட்டியை நான் எடுத்தபோதே அதற்கு விளங்கியிருக்கும். ஓடவில்லை. மூன்று அடி. முதலாவது சரியாக விழவில்லை. கடற்கரையில் அத்தனை நாயை அடித்த கைக்கு இது வரவில்லை என்று சொன்னால் நல்லவன் மாதிரி இருக்கும். கை வந்தது. அவசரத்தில் குறி தப்பியது, அவ்வளவுதான்.

வரம்போரம் புதைத்துவிட்டு வாய்க்காலில் இறங்கி மண் போட்டு ஏழு தரம் கைகழுவினேன். அதற்கு மட்டும் எனக்கு அறிவிருந்தது.

வீட்டுக்குப் போனதும் என் மனைவி கேட்டாள், "சேந்திட்டா?"

"சேந்திட்டு," என்றேன்.

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் கன காலம் காணவில்லை. மறுநாளிலிருந்து பெயின்ட் டின்னில் சோறு பிசைந்து என்னிடம் தந்தனுப்பினாள். "எல்லாத்துக்கும் போடாதீங்க, மொதல்ல அதுக்கு வைங்க. புது எடம், வெக்கப்படும்." நான் கொண்டுபோய்ப் பெட்டைக்கு வைத்தேன். அவன் பார்த்துக்கொண்டு நிற்பான், ஒன்றும் சொல்ல மாட்டான். விதைப்பு குடலையாகி, கதிராகி, மஞ்சளாகும் வரைக்கும் டின் வந்துகொண்டே இருந்தது. சில நாள் அதில் கோழித் தோலும் இருக்கும். மதிலுக்கு மேலால் அடுத்த வீட்டுக்காரனிடம், "எங்கட நாய் இப்ப வட்டையில பன்டி தொரத்துது," என்று அவள் சொன்னதை நான் உள்ளே இருந்து கேட்டேன். "அப்படியா ராத்தா, நல்லம், நல்லம்," என்றான் அவன்.

கதிர் வெட்டுக்கு அவளும் வந்தாள். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து, டின்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இறங்கினதும் மூன்று நாய்களும் ஓடி வந்தன. அவள் அவற்றுக்குப் பின்னால் பார்த்தாள்.

"எங்க அது?"

"காட்டுக்குள்ள போயிரிக்கும்," என்றேன்.

கதிர்க்கட்டுக் கட்டிக்கொண்டிருந்த நற்பிட்டிமுனைக்காரன் நிமிரவேயில்லை. "ராத்தாட்ட பொய் சொல்லாதீங்க காக்கா. இவ்வளவு காலம் நான் வாய மூடினது போதும்."

அவள் என்னிடம் கேட்கவில்லை, அவனிடம் கேட்டாள். "எப்ப?"

"பெருநாளுக்கு அடுத்த நாள். எண்ட குட்டியக் கடிச்சிட்டு. பொறகு இவர்தான்." அவன் மண்வெட்டியைக் கண்ணால் காட்டினான்.

"அப்ப நான் அனுப்பின சோறு?"

"இந்தக் கிழவி தின்டிச்சி."

அவள் பெட்டையைப் பார்த்தாள். கொழுத்திருந்தது. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. குந்தி இருந்து டின்னை வரம்பில் கவிழ்த்தாள். பெட்டை தின்னத் தொடங்கியது. கடுவன் ஒன்று கிட்ட வந்தது. பெட்டை தலையைத் தூக்காமல் தொண்டைக்குள் ஒரு சத்தம் மட்டும் போட்டது. கடுவன் அந்த இடத்திலேயே இருந்துவிட்டது, வாயூற, தன் முறை வரும் வரைக்கும்.

"அடிக்காமலே இருக்கிதே," என்றாள் அவள்.

"தாய் படிப்பிச்சது ராத்தா," என்றான் அவன்.

பின்னேரம் திரும்பி வரும்போது அவள் பின்னால் இருந்தாள். வழமையாக என் தோளில் கை வைப்பாள். அன்று இருக்கைக் கம்பியைப் பிடித்திருந்தாள். நற்பிட்டிமுனைச் சந்தியில் கேட்டாள்.

"நீங்க அதுக்கு என்னத்தப் படிப்பிச்சீங்க?"

இஞ்சின் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்தேன். அவள் என் காதுக்குக் கிட்ட வந்து, சத்தமாக, இன்னொரு தரம் கேட்டாள்.

நான் கியரை மாற்றினேன்.